ஒன்பது பேர் நிற்கிறார்கள், பஸ் நிற்கவில்லை

இசபெல் ஷார்ஜாவுக்குப் போனது தரை துடைப்பதற்கு. அது 2004-ஆம் வருடம், அவளுக்கு முப்பது வயது. தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கணவர் ஜஸ்டஸ் கத்தாரில் மீன்பிடிப் படகில் இருந்தார். ஷார்ஜாவில் அவள் வேலை பார்த்த துணிக்கடையில் பெண்களுக்கென்று தனி மாடி. அந்த மாடியின் கேமராப் படங்களை ஆண்கள் பார்க்கக்கூடாது என்பது கடையின் விதி. கேமரா அறையில் இருந்த பெண் பிரசவத்துக்காக ஊருக்குப் போனபோது மாற்று ஆள் அமையவில்லை. வாசலில் துடைப்பத்தோடு நின்ற இசபெலைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். ஏழு வருடம் அந்த நாற்காலியில்தான் இருந்தாள்.

இதெல்லாம் அவளே எனக்குச் சொன்னது. என் பெயர் நாராயணபெருமாள். மார்த்தாண்டத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் காஞ்சிரமூடு என்றொரு முக்கு உண்டு. அங்கே எனக்கு ஜெராக்ஸ் கடை. வியாபாரிகள் சங்கத்தின் செயலாளரும் அப்போது நான்தான். அவளைப் பற்றி எழுத எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பது போகப்போகத் தெரியும்.

ஷார்ஜாவில் அவள் கற்றுக்கொண்டது முக்கியமாக ஒரு விஷயம். வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை, திருப்பிக் கொடுத்த துணிக்குப் பணம் வழங்கியதாகக் கல்லா இயந்திரத்தில் நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பதிவு இருந்தது. அதே நாலு பன்னிரண்டுக்குப் படத்தை ஓட்டினாள். கவுண்டருக்கு முன்னால் ஆளே இல்லை. யாருமே வராமல் யாருக்குப் பணம் கொடுத்தார்கள்? அன்றைக்குத் திருட்டு பிடிபட்டது. அதன்பிறகு அவள் படத்தைப் பார்க்கிற வேலையை விட்டு, படத்திடம் கேள்வி கேட்கிற வேலையில் இறங்கினாள்.

2011-இல் அந்தக் கடையை மூடினார்கள். இசபெல் ஊருக்கு வந்தாள். அடுத்த வருடம் காஞ்சிரமூட்டில் மூன்று கடைகளில் பூட்டு உடைந்தது. சங்கம் கூடிப் பதினாறு கேமராக்களை மாட்டியது. என் கடைக்கு மேலே இருந்த அறையில் திரைகளையும் பதிவு இயந்திரத்தையும் வைத்தோம். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்துகிறவர்களைச் சொல்லவும் காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கவும் ஒரு மைக்கும் உண்டு. அதன் குழாய் ஒலிபெருக்கிகள் முக்கின் நான்கு பக்கமும் இருந்தன. அறையில் உட்கார வைத்த ஆட்கள் இரண்டு பேர் தூங்கி வேலை இழந்தார்கள்.

சங்கத் தலைவர் ஏசுஅடிமையின் இரும்புக்கடைக்கு இசபெல் நேராகப் போனாள். நான் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"கேமரா ரூமுக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன். நான் இருக்கேன்."

"பொம்பள ஆளா? இதுக்கா?" என்றார் ஏசுஅடிமை.

"மேல ஏறித் திரையப் பாத்துட்டுத்தான் வாறேன். உங்க பதினாறு கேமராவும் பதினாறு நேரம் காட்டுது அண்ணாச்சி. ஒண்ணு பத்து மணிங்குது, இன்னொண்ணு பத்தேகாலுங்குது. களவு எப்பம் நடந்ததுன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பியோ?"

அவர் என்னைப் பார்த்தார். அதுவரை எங்கள் யாருக்கும் அது தெரியாது. மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். பதினாறு கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டு வந்தாள். தினமும் காலையில் ரேடியோவில் நேரம் சொல்லும்போது தன் கைபேசியைச் சரிபார்த்து, அதைத் தெருவில் ஒவ்வொரு கேமராவுக்கும் முன்னால் தூக்கிக் காட்டிவிட்டு மாடி ஏறுவாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு நிற்க ஒரு மாதம் ஆனது. துணிக்கடைக்கு வந்த ஒரு பார்சல் காணாமல் போனது. இசபெல் லாரி ஆபீசில் சரக்கு இறக்கிய சீட்டை வாங்கி, அதிலிருந்த நேரத்தை வைத்துக்கொண்டு கேமராவில் தேடினாள். பார்சல் எந்தக் கடையில் தவறுதலாக இறங்கியது என்று நாலு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். முன்பிருந்தவர்கள் அதற்கு நாலு நாள் எடுத்திருப்பார்கள். படத்தின் மேல் மவுஸால் ஒரு கட்டம் வரைந்துவிட்டால், அந்தக் கட்டத்துக்குள் ஆளோ வண்டியோ வந்து நிற்கிற நேரத்தையும் போகிற நேரத்தையும் இயந்திரம் தானாகவே குறித்து வைக்கும். அந்த வசதி முதலிலிருந்தே அதில் இருந்தது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

2013 ஜூன் மாதம் ஒரு காலையில் நாலாம் கேமராவில் தன் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா ராகேல் மீன் விற்கிறவள். துறைமுகத்தில் மீன் எடுத்து, டெம்போவில் காஞ்சிரமூடு வரைக்கும் வந்து, அங்கிருந்து மினி பஸ் பிடித்து உள்ளூர்களுக்குப் போய் வீடு வீடாக விற்பாள். அவளைப் போல எட்டுப் பத்துப் பெண்கள். அன்றைக்குத் திரையில் நீல மினி பஸ் ஒன்று வந்தது. பெண்கள் மூடி போட்ட மீன் பாத்திரங்களைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். பஸ் வேகம் குறைத்தது, அவர்களைப் பார்த்தது, போய்விட்டது. ராகேல் பாத்திரத்தோடு பத்தடி ஓடி நின்றாள். சத்தம் இல்லாத படம். ராகேலின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

மத்தியானம் இசபெல் அக்காவிடம் கேட்டாள்.

"தினமும் இப்பிடித்தானா அக்கா?"

"இது இன்னைக்கா நேத்தா, ஏட்டி? மீன்காரிய நிக்கிதத பாத்தா டிரைவருக்கு காலு பிரேக்குல வராது. நாலு பஸ்ஸு போனா ஒண்ணு நிக்கும். இல்லேன்னா ஆட்டோ, அதும் இல்லேன்னா நடை."

"நீ எனக்க கிட்ட சொல்லல்லியே."

"சொல்லி? நீ வந்து பஸ்ஸு ஓட்டுவியா?"

மினி பஸ்கள் மூன்றும் சுந்தர்சிங்குக்குச் சொந்தம். எங்கள் சங்கத்தின் துணைத் தலைவர். அவருடைய பஸ்கள் எந்தெந்த நிறுத்தத்தில், எந்தெந்த நேரத்துக்கு நிற்க வேண்டும் என்று பர்மிட்டில் இருக்கும். இசபெல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதினாள். என் கடையில்தான் நகல் எடுத்தாள். எதற்கென்று கேட்டேன். "ஒரு பேப்பர் வேணும் அண்ணாச்சி, படத்துக்குப் பக்கத்தில வைக்க" என்றாள்.

பர்மிட் நகல் வர ஒரு மாதம் ஆனது. காஞ்சிரமூடு அதில் கட்டாய நிறுத்தம். காலை ஆறரையிலிருந்து பத்து மணிக்குள் பஸ் ஒன்பது நடை வந்து போக வேண்டும்.

அவள் நாலாம் கேமராவின் படத்தில் மூன்று கட்டம் வரைந்தாள். பெண்கள் நிற்கும் இடத்தில் ஒன்று. பஸ் வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று. நடுச்சாலையில் ஒன்று. ஆள் நிற்கிறது என்று இயந்திரம் சொல்லும், அது மீன்காரியா வாத்தியாரா என்று சொல்லத் தெரியாது. அதைக் கண்ணால் பார்த்து இவளே எழுதினாள். பர்மிட்டின் நேர அட்டவணையை ஒரு பக்கமும் கட்டங்களின் நேரத்தை மறுபக்கமும் எக்ஸெலில் சேர்த்தாள். இருபத்தாறு நாள் இப்படிச் செய்தாள். தினமும் காலையில் கைபேசியைக் காட்டி நின்ற முதல் படத்தையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மொத்தம் இருநூற்று முப்பத்து நான்கு நடை. மீன் பெண்கள் நின்றிருந்தபோது வந்தது நூற்று எழுபத்தொரு நடை. அதில் பஸ் நின்றது இருபத்திரண்டு தடவை. அவர்கள் இல்லாதபோது வந்தது அறுபத்து மூன்று நடை. அதில் நின்றது அறுபத்தொன்று.

அந்தத் தாளோடு ஏசுஅடிமையிடம் போனாள். நானும் அங்கிருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு மடித்தார்.

"சங்கத்துக்க கேமரா களவு பிடிக்கியதுக்கு ஆக்கும், இசபெல்."

"இதும் களவுதான் அண்ணாச்சி. ஒரு பஸ் ஸ்டாப்ப களவாண்டிருக்காவ."

"சிங்கு நம்ம ஆளு. நான் அவன்கிட்ட பைய சொல்லுகேன். நீ இத விட்டுரு."

அவர் சொன்னாரோ இல்லையோ, பஸ் நிற்கவில்லை. இசபெல் பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள், நடந்து முடிந்ததைக் கணக்குப் பார்ப்பதை விட்டு, நடந்துகொண்டிருக்கும்போதே கேட்க ஆரம்பித்தாள். பெண்கள் கட்டத்தில் இரண்டு நிமிடமாக ஆள் நிற்கிறது, சாலைக் கட்டத்தைப் பெரிய வண்டி ஒன்று தாண்டுகிறது, நிறுத்தக் கட்டத்தில் எதுவும் நிற்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அறையில் மணி அடிக்க வேண்டும். அப்படி அமைத்தாள். மணி அடித்தால் திரையைப் பார்ப்பாள். லாரியாக இருந்தால் விட்டுவிடுவாள். நீல பஸ்ஸாக இருந்தால் பர்மிட் தாளில் அந்த நேரத்தில் விரலை வைப்பாள். பிறகு மைக்.

நான் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒலிபெருக்கி பேசியது.

"காலம்பற ஏழு மணி நாப்பத்திரண்டு நிமிஷம். நீல மினி பஸ், மூணாம் நம்பர் வண்டி. காஞ்சிரமூட்டில நிக்கணும்னு பர்மிட்டில இருக்கு. ஸ்டாப்பில ஒம்பது பேரு நிக்காவ. பஸ்ஸு நிக்கல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. வண்டி எடுத்து மாற்றச் சொல்லும் அதே குரல். இரண்டு முறை சொல்லிவிட்டு மைக்கை அணைத்தாள். முக்கு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் அதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது. அடுத்தது எட்டு ஐந்துக்கு. அதுவும் நிற்கவில்லை. அதையும் சொன்னாள். எட்டு முப்பதுக்கு வந்த பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பதடி போய், ஒலிபெருக்கி கரகரத்ததும் பிரேக் பிடித்தது. பெண்கள் பாத்திரங்களோடு நடந்து போய் ஏறினார்கள். ஓடவில்லை.

இப்படி ஆறு நாள். இரண்டாம் நாளிலிருந்தே டீக்கடையில் ஆட்கள் அவளுக்கு முன்னாலேயே எண்ண ஆரம்பித்தார்கள். "இன்னைக்கு ஏழு பேரு மக்கா, நிக்கானா பாரு." நின்றால் ஒலிபெருக்கி மௌனமாக இருக்கும். நான்காம் நாள் ஒன்பதில் ஐந்து பஸ் நின்றது.

ஆறாம் நாள் சுந்தர்சிங் மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் போனேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதவில் கையை ஊன்றி நின்றார்.

"எனக்க பஸ்ஸ நாட்டுக்கு முன்னால நாறடிக்கிய. உனக்கு யாரு சம்பளம் தாறது?"

"சங்கம்."

"சங்கத்தில நான் யாரு?"

"துணைத் தலைவரு. பஸ்ஸுக்கு ஓனரு. அது ரெண்டும் ஒண்ணு இல்ல."

"இஞ்ச பாரு. மீன் தண்ணி வடிஞ்சா சீட்டு நாறும். ஆபீசுக்குப் போறவன் அதில இருப்பானா? மத்த ஆளுவ ஏறமாட்டேங்கானுவ. நஷ்டம் எனக்கு."

"எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி இருக்கு. பர்மிட்டில மணம் பாத்து நிறுத்தணும்னு எழுதியிருந்தா காட்டுங்க. நான் அதையும் மைக்கில வாசிக்கேன்."

சுந்தர்சிங் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. சங்கத்தின் கருவிகளைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினார், அதனால் வேலையிலிருந்து நீக்குகிறோம் என்று தீர்மானம். இசபெலைப் பேச அழைத்தார்கள். "சொந்தக் காரியந்தான். எனக்க அக்கா அந்த ஸ்டாப்பில நிக்கா. உங்களுக்க அக்கா நின்னிருந்தா அது பொதுக் காரியம் ஆயிருக்கும்" என்றாள். பதினேழு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒரு கை என்னுடையது. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதியதும் நான்தான்.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்தாள். தாள்களை மேசையில் வைத்தாள்.

"நாப்பது காப்பி வேணும்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"ரெக்கார்டர் முப்பது நாள் படத்தத்தான் வைக்கும், அண்ணாச்சி. அது கழிஞ்சா பழசுக்கு மேல புதுசு எழுதும். ஆகஸ்டு இருவதாம் தேதிப் படம் செப்டம்பர் பத்தொன்பது காலம்பற அழியும். அதுக்கு முன்னால உள்ளது அதுக்கும் முன்னால. நீங்க செயலாளர். தெரிஞ்சு வச்சுக்கிடுங்க."

அதே விவரத்தை, எந்தப் படம் எந்தத் தேதியில் அழியும் என்ற பட்டியலோடு, போக்குவரத்து அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ராகேலும் மற்ற பெண்களும் புகார் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் கைநாட்டு. அதுவரை மாடி அறையின் மணி செய்துகொண்டிருந்த வேலையை இசபெல் இப்போது நிறுத்தத்தில் நின்றே செய்தாள். கையில் பர்மிட் நகல், நோட்டு, கைபேசி. ஒவ்வொரு பஸ்ஸையும் படம் எடுத்தாள். ஒலிபெருக்கி போன பிறகு பஸ்கள் பழையபடி ஓடின. ஒருநாள் கண்டக்டர் ஜன்னல் வழியாக, "எடு, நல்லா எடு" என்று சிரித்துக்கொண்டு போனான். "சிரிக்கியதும் தெளிவா விழுந்திருக்கு" என்று இவள் பதில் சொன்னாள்.

பன்னிரண்டு நாளில் அதிகாரியிடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. நாலாம் கேமராப் பதிவை அழியாமல் எடுத்து ஒப்படைக்க வேண்டும். கடிதம் என் பெயருக்கு வந்ததால் முதலில் வாசித்தவன் நான். சுந்தர்சிங் வந்து, "ஒரு வாரம் கழிச்சு வந்துன்னு சொல்லும். அதுக்குள்ள அழியியது அழிஞ்சு போவட்டும்" என்றார்.

நான் அப்போது செய்ததைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வந்த தேதியைக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். அவர் கடையை விட்டு இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் என் கடையில் நகல் எடுப்பதில்லை.

ஆனால் பதிவை எடுக்க எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கேமரா மாட்டியவர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டிருந்தார். ஏசுஅடிமை ஒரு மணி நேரம் பொத்தான்களை அமுக்கிப் பார்த்துவிட்டு வியர்த்து உட்கார்ந்தார். "அவளையே விளியும்" என்றார். இசபெல் வந்தாள். அரை மணி நேரத்தில் எடுத்து, என்னென்ன எடுத்தேன் என்று எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கினாள். ஏசுஅடிமை, "டீ குடிச்சிட்டுப் போ" என்றார். "வேலைல இருந்தப்பம் குடிச்சது போதும்" என்று இறங்கிப் போனாள்.

விசாரணை அக்டோபரில் நடந்தது. சங்கத்தின் சார்பில் நான் போனேன். சுந்தர்சிங் வக்கீலோடு வந்தார். வக்கீல் முதலில் கடிகாரத்தைப் பிடித்தார். கேமரா நேரம் சரியென்று என்ன நிச்சயம், பத்து நிமிடம் தப்பினாலே பர்மிட்டோடு ஒப்பிட முடியாதே என்றார். அதிகாரி இசபெலைப் பார்த்தார். அவள் ஒவ்வொரு நாளின் முதல் படத்தையும் வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் அவளே கைபேசியை உயர்த்திப் பிடித்து நிற்கிறாள். கைபேசியின் நேரமும் படத்தின் மூலையில் இருந்த நேரமும் ஒன்றே. இருபத்தாறு நாள், இருபத்தாறு இசபெல். ஒன்றில் மழைக்குக் குடை பிடித்திருந்தாள். அதிகாரி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்து முடித்தார்.

பிறகு சுந்தர்சிங் எழுந்தார். இனி சண்டை வேண்டாம் என்றார். மீன்காரப் பெண்களுக்கென்றே காலை ஆறரைக்கு ஒரு நடை தனியாக விடுகிறேன், சீட்டுகளைக் கழற்றிவிட்டால் பாத்திரம் வைக்க இடமும் தாராளமாக இருக்கும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதிகாரிகூடத் தலையை அசைத்தார். இசபெல் பேச வாயெடுக்குமுன் ராகேல் எழுந்துவிட்டாள்.

"சாரே, படகு ஆறரைக்கும் வரும், எட்டுக்கும் வரும். அது கடலுக்க காரியம். ஆனா அதுக்காவச் சொல்லல்ல. சீட்டுக் கழத்தின வண்டியில ஏத்த நாங்க மீனா? நாங்க மீன் விக்கியவ. எங்களுக்குன்னு தனி பஸ்ஸு வேண்டாம். ஒம்பது பஸ்ஸும் நிக்கணும். டிக்கெட் எடுத்தா சீட்டில இருப்போம்."

"சரியா எழுதிக்கிடுங்க சார்" என்றாள் இசபெல். "ஒம்பது."

அந்த ஒன்பதிலிருந்து அக்காவும் தங்கையும் இறங்கவில்லை. உத்தரவு டிசம்பரில் வந்தது. கட்டாய நிறுத்தத்தில் நிற்காத ஒவ்வொரு நடைக்கும் நடவடிக்கை, இன்னும் ஒருமுறை புகார் நிரூபிக்கப்பட்டால் பர்மிட் ரத்து. சுந்தர்சிங் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னார், செய்யவில்லை.

உத்தரவு வந்த மறுநாள் நானும் பஸ்ஸில் ஏறினேன். பார்க்க வேண்டும் போலிருந்தது. ராகேல் பாத்திரத்தைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப்போய் நின்றார். ராகேல் அவரைப் பார்க்கவில்லை. காலியான இடத்தில் தன் பையை வைத்தாள். அடுத்த ஊர் வருவதற்குள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து, பையை எடுக்கச் சொல்லி உட்கார்ந்து, சாளை என்ன விலை என்று கேட்டார்.

அடுத்த வருடம் காஞ்சிரமூட்டில் ஒரு நகைக்கடையில் கூட்டத்தோடு கூட்டமாக வந்த ஒருவன் வளையல் தட்டை எடுத்துப் போய்விட்டான். கேமராவில் எல்லாம் இருந்தது. எங்கே தேடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. சங்கம் என்னை இசபெல் வீட்டுக்கு அனுப்பியது. அவள் அப்போது மீனவர் கூட்டுறவு ஏலக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மின்தராசு காட்டும் எடையும் மேலே கேமராவில் விழும் கூடையும் ஒத்துப் போகிறதா என்று பார்க்கிற வேலை.

வீட்டு முற்றத்தில் நின்று சங்கம் சொன்னதைச் சொன்னேன். சம்பளம் கூட்டித் தருவார்கள், மரியாதையாக நடத்துவார்கள் என்றேன்.

"மைக்கு?" என்று கேட்டாள்.

"மைக் வேண்டாம்னு சொல்லுகாவ. கேமரா மட்டும்."

"அப்போ நானும் வேண்டாம்."

"நான் அன்னைக்குக் கை தூக்கினது தப்பு, இசபெல்."

"தெரியும் அண்ணாச்சி. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. "நகைக்கடையில களவு போன நேரம் தெரியுமா? கடைசியா அந்த வளையல் தட்டில இருந்து வித்த பில்லு எத்தன மணிக்கு?"

பில் நகல் என் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, எந்தக் கேமராவில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பார்க்க வேண்டும் என்று அதன் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள். நான் தாளை மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அவள் ஏலக்கூடத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்டதென்று உள்ளே போய்விட்டாள்.